எம்என்டி எதனால் வந்தது?

மாமாவுக்கு எம்என்டி, அதாவது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழியும் மோட்டார் நியூரான் நோய், என்று உறுதியானதிலிருந்து பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒருவர் பூச்சிமருந்து என்கிறார், இன்னொருவர் செல்போன் டவர் என்கிறார். அத்தைக்குச் சந்தேகமே இல்லை, அந்த அச்சகம்தான். மாமா சின்ன வயதில் அச்சுக்கோர்ப்பவராக இருந்தவர். நாள் முழுக்க ஈய எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கிவிட்டு, விரல் நுனி கறுத்திருக்க அதே கையோடு சாப்பிட உட்கார்ந்துவிடுவாராம்.

அத்தை சொல்வதைத் தள்ளிவிட முடியாது. வேலையிடக் காரணங்களாகச் சொல்லப்படுபவற்றில் ஈயத்துக்குக் கொஞ்சம் வலுவான ஆதாரம் இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஈயத்தோடு புழங்கியவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று வந்தது. ஆனால் இதில் ஒரு சிக்கல். உடம்பில் சேரும் ஈயம் பெரும்பாலும் எலும்பில் போய்த் தங்கி, வருடக்கணக்காக அங்கேயே கிடக்கும். நோய் முற்றி நடமாட்டம் குறைந்தால் எலும்பு கரைய ஆரம்பிக்கும், அப்போது அந்த ஈயமும் ரத்தத்துக்கு வந்துவிடும். அப்புறம் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால், ஈயத்தால் நோயா, நோயால் ஈயமா? போதாததற்கு, நோய் வந்தவர் தன் பழைய வேலைகளைத் தோண்டித் துருவி யோசிப்பார், நன்றாக இருப்பவர் அவ்வளவு யோசிக்க மாட்டார். கேள்வித்தாளை நம்பிச் செய்யும் ஆய்வுகளுக்கெல்லாம் இந்தக் கோணல் உண்டு.

இரண்டு மடங்கு என்றதும் பதற வேண்டாம். வருடத்துக்கு லட்சம் பேரில் சுமார் 2 பேருக்கு வருகிற நோய் இது, இரட்டித்தாலும் 4தான்.

சூழலுக்குப் பங்கே இல்லை என்று சொல்கிறவர்கள் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவைப் பார்க்க வேண்டும். 1950களில் அங்குள்ள சாமோரோ மக்களிடம் இந்த நோய் மற்ற இடங்களைவிட 50 முதல் 100 மடங்கு அதிகம். சைக்காஸ் என்ற, பனை போலத் தெரியும் செடியின் விதையை அரைத்து மாவாக்கிச் சாப்பிட்டதால், அதிலுள்ள பிஎம்ஏஏ என்ற நச்சின் மேல் சந்தேகம் விழுந்தது. அது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் அடுத்த சில பத்தாண்டுகளில் நோய் அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. மரபணு அவ்வளவு சீக்கிரம் மாறாது, மாறியது வாழ்க்கைமுறைதான்.

1991 வளைகுடாப் போருக்குப் போன அமெரிக்க வீரர்களிடமும் இரு மடங்கு ஆபத்து தெரிந்தது. புகையா, பூச்சிக்கொல்லியா, வேறெதுவுமா என்பது முடிவாகவில்லை. இருந்தும் 2008இல் அந்நாட்டு அரசு, ராணுவத்தில் தொடர்ந்து 90 நாள் பணியாற்றிய யாருக்கு ஏஎல்எஸ் (எம்என்டியில் அதிகம் காணப்படும் வகை) வந்தாலும் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொண்டு உதவித்தொகை தருவதென்று முடிவு செய்தது. காரணம் நிரூபணமாகட்டும் என்று காத்திருந்தால் இந்த நோயில் ஆள் இருக்க மாட்டார். எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது.

2014இல் வந்த ஒரு கணக்கும் எனக்குப் பிடித்தது. எந்த வயதில் எத்தனை பேருக்கு வருகிறது என்பதை வைத்து, நோய் தலைகாட்ட ஆறு படிகள் தாண்ட வேண்டியிருக்கிறது என்கிறது அது. மரபணுக் கோளாறோடு பிறந்தவர்களுக்குப் படிகள் குறைவு. அப்படிப் பார்த்தால் அச்சகம் ஒரு படியாக இருந்திருக்கலாம், மாமா விடாமல் பிடித்த சிகரெட் இன்னொன்றாக இருந்திருக்கலாம். அத்தையிடம் சிகரெட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்றால், அவர் எங்கே, எத்தனை வருடம், எதைத் தொட்டு வேலை செய்தார் என்று பேச்சு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி டாக்டரிடம் கொடுங்கள். ஈயத்தோடு இப்போதும் வேலை செய்கிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த நோய் வராவிட்டாலும் ஈயம் வேறு வகையில் கெடுதல்தான்.