சுடுகலன் தாள் எழுதப்போகிறவர்களுக்கு: முதலில் விட்டத்தைப் பாருங்கள்

பெறுபேறு வந்துவிட்டது. தடயவியல் டிப்ளோமாவின் மற்றத் தாள்களில் எனக்குச் சாதாரண சித்திதான். சுடுகலன் தாளில் மட்டும் திறமைச் சித்தி. துப்பாக்கியைச் சோதனைச் சாவடியில் மட்டுமே பார்த்து வளர்ந்த திருகோணமலைக்காரிக்கு இது எப்படி என்று வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை வலிக்கிறது, அதனால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். வினாத்தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ரிவால்வர் குழலில் ஈயம் படிவது பற்றிய வினாவை விடாதீர்கள். தாளிலேயே அதிகப் புள்ளி தரும் வினா அதுதான், அதிகம் பேர் சறுக்குவதும் அதில்தான். கைக்குக் கைமாறி வரும் வகுப்புக் குறிப்புகளில் ஒரே வரி இருக்கிறது: மென்மையான ஈயம் உரசிப் படிகிறது, ஆகவே கடினமான கலவையைப் பயன்படுத்த வேண்டும். பாதிப் பேர் இதை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். பரீட்சகர் அட்டவணையில் நான்கு எண்களைச் சும்மாவா தருகிறார்? தோட்டா ஏற்றும் சுழல் சிலிண்டரில் உள்ள அறையின் முன்வாய் விட்டம், குழலின் பள்ள விட்டம் (உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்களில் அளப்பது), குண்டின் விட்டம், கலவையின் கடினம். முதல் மூன்றையும் ஒப்பிடாமல் நான்காவதைத் தொடவே கூடாது.

குண்டு போகும் வழியை மனதில் ஓட்டிப் பாருங்கள். கோதிலிருந்து (தோட்டாவின் உலோக உறை) கிளம்பி, அறையின் முன்வாய்க்குள் நுழைந்து, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டி, குழலின் கூம்பு வாய்க்குள் போகிறது. முன்வாய் பள்ள விட்டத்தை விடச் சிறியதாக இருந்தால் குண்டு அங்கேயே நசுங்கி மெலிந்துவிடும். மெலிந்த குண்டு குழலை அடைக்காது. பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு, ஈயத்தை அரித்துக் குழல் சுவரில் அப்பிவிடும். முன்வாய், பள்ள விட்டத்துக்குச் சமமாகவோ அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாகவோ இருக்க வேண்டும். குண்டு முன்வாயின் அளவுக்குப் பொருந்த வேண்டும். .38 ஸ்பெஷல், .357 மேக்னம் என்ற இரண்டு தோட்டா வகைகளுக்கும் குழல் பள்ளம் 0.357 அங்குலமளவு என்பதால் ஈயக் குண்டை வழக்கமாக 0.358க்கு வார்ப்பார்கள். எண்களை இந்த ஒழுங்கில் எழுதி, எது எதைவிடச் சிறியது என்று காட்டினாலே பாதிப் புள்ளி உங்களுடையது.

இனிக் கடினம். பிரினெல் எண்ணை (உலோகத்தின் கடினத்தைக் காட்டும் எண்) 1422 ஆல் பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்று வரும். அச்சுக்கோப்பு ஈயத்தில் (84 வீதம் ஈயம், 12 வீதம் அந்திமனி, 4 வீதம் தகரம்) கடினம் 22 அளவில் இருக்கும். பெருக்கினால் சுமார் 31,000. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தமோ 17,000தான். அவ்வளவு அழுத்தத்தில் அந்தக் குண்டின் அடிப்பக்கம் விரிந்து குழலை அடைக்காது. அளவில் கொஞ்சம் குறைந்த, கடினமான குண்டு, மென்மையான குண்டை விட அதிகமாக ஈயம் அப்புவது இதனால்தான். 35,000 வரை போகும் மேக்னத்தில் கதை வேறு. இந்தப் பெருக்கல் தோராயமான விதிதான், ஆனாலும் விடைத்தாளில் இந்த இரண்டு வரிக் கணக்கைப் பார்த்தால் திருத்துகிறவரின் பேனா நின்று பார்க்கும்.

படிவின் புகைப்படம் தந்தால் முதலில் இடத்தைப் பாருங்கள். கூம்பு வாயை ஒட்டி இருந்தால் அளவுப் பொருத்தக் கோளாறு, அல்லது அழுத்தத்துக்கு ஒவ்வாத கடினம். குழலின் முன்முனையில் மட்டும் இருந்தால் குண்டின் மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது. மேக்னம் அறைக்குள், முன்வாய்க்குச் சற்றுப் பின்னால் வளையமாகக் கசடு இருந்தால் அதில் நிறைய .38 சுட்டிருக்கிறார்கள். .38இன் கோது மேக்னத்தின் கோதை விட 3.4 மில்லிமீற்றர் குட்டை.

குழலை அளக்கும் முறையும் வரும். மென்மையான ஈயத் துண்டுக்கு எண்ணெய் தடவிக் குழல் வழியாகத் தள்ளி எடுத்து மைக்ரோமீற்றரில் அளப்பது எல்லோருக்கும் தெரியும். சிமித் அன்ட் வெசன் நிறுவன ரிவால்வரில் வழமையாக ஐந்து பள்ளம், வலஞ்சுழி. கோல்ட் நிறுவன ரிவால்வரில் ஆறு, இடஞ்சுழி. ஐந்து பள்ளத்தில் எதிரெதிரே பள்ளம் விழாது, ஒருபக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். சாதாரண மைக்ரோமீற்றரின் தட்டையான தாடைகள் அங்கே பொய் சொல்லும், வி வடிவத் தாங்கி உள்ளது வேண்டும். நான் எழுதிய தாளில் இந்தப் பொறி இருந்தது. நண்பர்கள் வெளியே வந்துதான் விழித்துக்கொண்டார்கள்.

வார்ப்புப் பகுதியை நான் புத்தகத்தில் படித்து விளங்கிக்கொள்ளவில்லை. எங்கள் ஊர்க் கரையில் வலைக்கு ஈயமணி வார்க்கும் மாமா ஒருவர் இருக்கிறார். பழைய இரும்புச் சட்டியில் ஈயம் உருகும்போது மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டும். மெழுகுத் துண்டு ஒன்றைப் போடுவார், புகைந்து தீப்பிடிக்கும், கிளறிவிட்டால் அடியிலிருந்து வெள்ளிபோல் தெளிந்து வரும். அச்சை நெருப்பருகே காயவைக்காமல் ஒருநாளும் ஊற்றமாட்டார். "பிள்ளை, ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், முழுச் சட்டியும் முகத்துக்கு வரும். தள்ளி நில்" என்றார். ஈயம் உருகுவது 327 பாகையில், நீர் ஆவியாவது 100 பாகையில் என்று விடையில் எழுதும்போது அவருடைய குரல்தான் காதில் கேட்டது. வசதியிருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள், காற்று வரும் பக்கமாக நின்று.

தோட்டாவைக் கையால் நிரப்புவதன் பாதுகாப்புப் பற்றிக் கேட்டால் காரணத்தோடு எழுதுங்கள். வெறும் பட்டியலுக்குப் புள்ளி குறைவு.

– இரட்டை வெடிமருந்து: .38 ஸ்பெஷல் கோது கரிமருந்துக் காலத்தது, உள்ளே இடம் அதிகம். வேகமாக எரியும் புகையற்ற மருந்து அடியில் கொஞ்சமாகவே கிடக்கும், இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது. ஆகவே கோதுகளைத் தட்டில் நிறுத்தி, குண்டைப் பொருத்துமுன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உள்ளே பார்க்க வேண்டும்.
– முடித்த தோட்டாவை நிறுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதாதீர்கள். கோதுகளுக்கும் குண்டுகளுக்கும் இடையிலான எடை வேறுபாடே மருந்தின் எடையை மறைத்துவிடும்.
– மருந்தே இல்லாத தோட்டா: கோதின் அடியிலுள்ள எரியூட்டி மட்டும் வெடித்துக் குண்டு குழலில் சிக்கும். சத்தம் மந்தம், உதைப்பு இல்லை. அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும்.
– எரியூட்டி கோதின் அடிமட்டத்துக்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும். துருத்தினால் சிலிண்டர் சுற்றாது.
– கோதின் விளிம்பை மடித்து இறுக்குவது, மற்றத் தோட்டாக்கள் வெடிக்கும் உதைப்பில் குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டரை முட்டாதிருக்க.
– மேசையில் ஒரு நேரத்தில் ஒரே வகை மருந்து. அளவு அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டும், உச்சத்துக்குப் பத்து வீதம் குறைவாகத் தொடங்கி.

துப்புரவுக்கு வினாகிரியும் ஐதரசன் பெரொட்சைட்டும் கலந்து ஊற்றும் முறையைச் சிலர் கெட்டிக்காரத்தனம் என்று எழுதுகிறார்கள். அதில் உருவாவது ஈய அசற்றேற்று. நீரில் கரையும் நஞ்சு, தோல்வழியும் உட்புகும். தூரிகையில் செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றித் தேய்ப்பது என்று எழுதினால் போதும். கை கழுவுவதையும், அந்த மேசையில் உண்ணாமல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நமக்குத் தாளிலும் ஆய்வுகூட மாதிரியிலும் மட்டும்தான். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கும் நாட்டில், அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆர்வத்தில் எதையும் செய்து பார்க்க வேண்டாம். சட்டப் பகுதியில் இரண்டையும் ஆண்டோடு குறிப்பிடுங்கள்.

படிக்கும் விதத்தைக் கேட்டிருந்தீர்கள். குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது, பேச்சு எங்கோ போய்விடும். தனியாக, குறுக்குவெட்டுப் படத்தைக் கையால் திரும்பத் திரும்ப வரைந்தேன். கடந்தகால வினாத்தாள்களை நேரம் பார்த்துச் செய்வதும் எனக்குப் பிடிக்காது, செய்யவில்லை. நீங்கள் பதற்றப்படுகிறவர் என்றால் செய்யுங்கள். இங்கிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் அதே காலையில் எழுதலாம் என்று நினைக்காதீர்கள், முதல்நாளே போய்த் தூங்குங்கள்.

விடையில் அங்குலத்தையும் மில்லிமீற்றரையும் கலக்காதீர்கள். 0.357 அங்குலம் என்பது 9.068 மில்லிமீற்றர். பரீட்சகர் எதில் கேட்டாரோ அதிலேயே, மூன்றாம் தசம இடம் வரை.