கடிபட்ட காசு, நசுங்கிய காசு: எரர் காயினைப் பிரித்துப் பார்க்கும் முறை

சென்னை தங்கசாலைப் பக்கம் 'எரர் காயின்', அதாவது அச்சடிக்கும்போதே பிழையான காசு, என்று கைமாறும் காசுகளில் பெரும்பாலானவை நாணயச்சாலையில் பிழைபட்டவை அல்ல. கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, காசிமேட்டு உப்புக்காற்றில் அரித்தது, பட்டறையில் அராவியது, அமிலத்தில் ஊறியது என்று வெளியே வந்தபின் அடிபட்டவைதான் அதிகம். தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த கம்பெனி காலத்து நாணயச்சாலை 1869-இல் மூடப்பட்டுவிட்டது. இன்று காசு வருவது மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நான்கிலிருந்துதான். எங்கே அடித்தது என்பதைக் காசில் உள்ள நாணயச்சாலைக் குறி சொல்லும்: மும்பைக்கு வைரக்குறி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. வருடத்துக்குக் கீழே குறி இல்லை என்று காசை எடுத்துவைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

ஒரு காசைக் கையில் எடுத்ததும் நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த உலோகத்தைத் தள்ளியது எது? உலோகப் பட்டையிலிருந்து வில்லை, அதாவது அச்சு விழாத வட்டத் தகடு, வெட்டி, சூட்டில் இளக்கி, அமிலத்தில் கழுவி, ஓரத்தை உருட்டி எழுப்பி, கடைசியில் காலர் வளையத்துக்குள் வைத்து இரண்டு டைகளுக்கு, அதாவது உருவம் செதுக்கிய அச்சுகளுக்கு, நடுவே அழுத்துகிறார்கள். காலர் சுற்றிப் பிடித்திருப்பதால் உலோகம் பக்கவாட்டில் ஓட முடியாது, டையின் பள்ளங்களுக்குள்தான் ஏறும். இந்த வரிசையில் எங்காவது நடந்திருக்கக்கூடியது என்றால் எரர். எங்கும் நடந்திருக்க முடியாது என்றால் சேதம்.

தேவைப்படுபவை: 0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, நகைப் பட்டறைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், விட்டம் அளக்க வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், பக்கவாட்டில் சாய்த்து வைக்க ஒரு மேசை விளக்கு. விளக்கை நேர் மேலே வைத்தால் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தெரியும். சாய்த்தால்தான் நிழல் விழும்.

முதலில் எடை. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள், ஏனென்றால் ஒரே மதிப்புக்கு ஒரே எடை கிடையாது. 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ. 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம். 2019 வரிசை 3.09 கிராம். பழைய ஒரு ரூபாயின் அதே 4.85 கிராமும் 25 மி.மீ.யும்தான் 2011 வரிசை இரண்டு ரூபாய்க்கும். இது தெரியாமல் 'தப்பான வில்லையில் அடித்த காசு' என்று கொண்டுவருவார்கள். ஐந்து ரூபாயிலும் இதே குழப்பம். காந்தத்தில் ஒட்டும் ஐந்து ரூபாயைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். 2007-இல் அரசே 6 கிராம் எஃகில் ஐந்து ரூபாய் வெளியிட்டது. வருடத்தைப் பார்த்து, அந்த வரிசையின் எடையோடு ஒப்பிட்ட பிறகுதான் பேச வேண்டும். எடை குறைந்து, காசு முழுக்க ஒரே சீராக மெலிந்து, எழுத்துகள் சோப்புக்கட்டி போல வழுவழுவென்று இருந்தால் அது அமிலம்.

கடிபட்ட காசு, அதாவது ஓரத்தில் பிறை போல ஒரு துண்டு இல்லாத காசு, ஏமாற்றுவதற்கு எளிது. அதே அளவுக்கு அதன் குட்டு வெளிப்படுவதும் எளிது. வில்லை வெட்டும்போது பட்டை போதிய தூரம் நகராமல், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டும் பஞ்ச் இறங்கினால் இது வரும். ஆகவே கடியின் வளைவு இன்னொரு வில்லையின் வளைவாக இருக்க வேண்டும். அதே மதிப்புக் காசு ஒன்றை அந்த இடத்தில் பொருத்திப் பாருங்கள். அடுத்து, கடிக்கு நேர் எதிர் ஓரம். ஓரத்தை உருட்டி எழுப்பும்போது ஒரு பக்கம் உலோகம் இல்லாததால் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் விழாது. அங்கே விளிம்பு மங்கி, சில சமயம் அடையாளமே இல்லாமல் இருக்கும். கடிக்குப் பக்கத்து எழுத்துகள் அந்தக் காலி இடத்தை நோக்கி இழுபட்டு, மெல்லக் கரைந்து முடியும். ஏனென்றால் வெட்டு முதலில், அச்சு பிறகு. கத்தரியால் வெட்டியதில் வரிசை தலைகீழ். எழுத்து முழு உயரத்தில் வந்து படக்கென்று அறுபடும், வெட்டுமுகத்தில் பிசிறு நிற்கும், எதிர்ப்பக்க விளிம்பு கொஞ்சமும் குறையாமல் இருக்கும். கடி மிகச் சிறியதாக இருந்தால் எதிர்ப்பக்க மங்கல் தெரியாமல் போகலாம். அப்போது எழுத்தின் இழுபாட்டை மட்டும் நம்புங்கள்.

சந்தையில் 'லக்கி' என்று சொல்லும் புரோக்கேஜில் பணம் அதிகம் புரளுகிறது, போலியும் அதற்கேற்ப. அடிபட்ட காசு ஒன்று டையிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லையின் மேல் தானே டையாக இறங்கினால் வருவது இது. ஒரு பக்கம் சிங்கமுகம் வழக்கம்போல மேடாக இருக்கும். மறுபக்கத்திலும் அதே சிங்கம், ஆனால் பள்ளமாக, இடவலம் மாறி. பூப்பக்கத்தின் சுவடே இருக்காது. போலியை இரண்டு காசுகளை வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து நெருக்கிச் செய்கிறார்கள். பள்ளமான எழுத்துக்கு அடியில் பழைய எழுத்து எட்டிப்பார்க்கும். மறுபக்கத்தில் வைஸின் தாடை பட்ட உயரமான பகுதிகள் மட்டும் தட்டையாகி மினுங்கும். சிங்கத்தின் பிடரியை லென்ஸில் பாருங்கள்: அசல் அச்சில் ஒவ்வொரு சுருளும் உருண்டு நிற்கும், நெருக்கியதில் மேற்பரப்பு இஸ்திரி போட்டதுபோல இருக்கும்.

கோடுகளுக்கு ஒரு கைப்பழக்கம் போதும். மேடாக ஓடும் மெல்லிய கோடு டையில் விரிசல் விட்டதால் வந்தது. பள்ளக் கோடு பெரும்பாலும் கீறல். டையில் கிரீஸ் அடைத்து எழுத்து விடுபட்டிருந்தால், விடுபட்ட இடமும் சுற்றியுள்ள தளமும் ஒரே பளபளப்பில் தொடரும். அராவி எடுத்திருந்தால் இணைகோடுகள் தெரியும். விளிம்போரம் மேடாகக் கட்டி நின்றால் டை உடைந்திருக்கலாம். அதே இடத்தில் மறுபக்க எழுத்து மங்கியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். மங்காமல் இருந்தால் ஈயப்பற்றோ பசையோ என்று சந்தேகப்படலாம். பெரும்பாலான பசை சுத்த அசிட்டோனில் கரையும்.

இரட்டை எழுத்தில் அவசரம் வேண்டாம். எழுத்தின் பக்கத்தில் படிக்கட்டு போலத் தட்டையான ஒரு நிழல் மட்டும் இருந்தால் அது அடிக்கும்போது டை அதிர்ந்ததால் வந்தது. சேகரிப்பவர்கள் அதற்குத் தனி விலை தருவதில்லை. அச்சு திரும்பியதா என்று பார்க்க, காசைப் புத்தகத் தாள்போல இடவலமாகப் புரட்டுங்கள்; நம் காசில் மறுபக்கம் நேராக நிற்க வேண்டும். சில டிகிரி சாய்வு சாதாரணம்.

பத்து ரூபாயில் நடுவட்டம் இல்லாமல் வெளிவளையம் மட்டும் வரும். நடுவட்டம் இல்லாமலே அடிபட்டிருந்தால் வளையத்தின் உட்சுவர் உள்நோக்கிப் பிதுங்கியிருக்கும். தட்டி எடுத்திருந்தால் உட்சுவரில் ஆயுதம் பட்ட கீறலும், நடுவட்டம் பிடித்திருந்த தடமும் இருக்கும். பத்து ரூபாயில் உள்ள கதிர்க்கோடுகள் சிலவற்றில் 10, சிலவற்றில் 15 என்ற வித்தியாசம் எரரும் இல்லை, போலியும் இல்லை. அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் வாங்க மறுத்தால் இதைச் சொல்லலாம்.

தயவுசெய்து புளியோ சாம்பலோ பீதாம்பரியோ போட்டுத் தேய்க்காதீர்கள். நாம் தேடும் சாட்சி முழுவதும் அந்த மேற்பரப்பில்தான் இருக்கிறது, ஒரே தேய்ப்பில் போய்விடும். வெறும் தண்ணீரில் அலசி, ஒற்றி எடுத்தால் போதும். விற்றுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது ரிசர்வ் வங்கி பெயரைச் சொன்னால் கட்டாதீர்கள். அப்படிக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

முடிவு தெரியாத காசைச் சிறு காகித உறையில் போட்டு, மேலே வருடம், நாணயச்சாலைக் குறி, எடை, விட்டம், சந்தேகத்துக்கான காரணம் ஐந்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். அதே வருடத்து நல்ல காசு ஒன்றையும் தனி உறையில் அதன் பக்கத்திலேயே வைத்தால், அடுத்த முறை ஒப்பிடத் தேட வேண்டியிருக்காது.