நாக்குக்கு அடியில் ஒரு கல், ஃபைலில் ஒரு அலர்ஜி

உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை. சிறுநீரகத்தில் கல் வரும், பித்தப்பையில் கல் வரும், எச்சிலில் எப்படி வரும் என்பார்கள். எனக்கு வந்தது. மரப்பு ஊசி போட்டுச் சீக்கிரம் எடுத்துவிடலாம், சின்ன வேலைதான் என்றார்கள். ஆனால் என் மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'மரப்பு ஊசி அலர்ஜி' என்று எழுதியிருந்தது. கல்லை எடுத்ததைவிட அந்த வரியை எடுத்ததுதான் பெரிய பாடு. அதே வரியைச் சுமந்துகொண்டு, பல் மருத்துவரிடம் போகவே தயங்கி உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் கல். சாப்பிட உட்கார்ந்தால் வலது தாடைக்குக் கீழே வீங்கும். சில நாள் வாசனைக்கே வீங்கிவிடும். உள்ளே யாரோ இறுக்கிப் பிடித்தது போல வலி. சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் தானாக வடிந்துவிடும். பார்த்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்: கடைவாய்ப் பல் சொத்தை, சளிக்கு நெறி கட்டியிருக்கிறது, இப்படி. பல் மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான். "வீக்கம் எப்பவும் இருக்கா, சாப்பிடும்போது மட்டும் வந்துட்டுப் போகுதா?"

நெறி கட்டினால் அது நாள் முழுக்க அங்கேயே இருக்கும், வேளை பார்த்து வீங்காது. உமிழ்நீர் சுரக்கும் நேரத்தில் மட்டும் வீங்கினால், வெளியே வரும் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டுமாம்.

அடுத்து அவர் செய்த சோதனைக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் இருந்த ஈரத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார். நாக்கின் அடியில் நடுவே ஓடும் நரம்பு போன்ற மடிப்புக்கு இரு பக்கமும் குண்டூசி முனையளவு இரண்டு துளைகள் இருக்கின்றன. கையில் கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இடது தாடையின் கீழ் அழுத்தியதும் அந்தப் பக்கத்துத் துளையில் தெளிவாக ஒரு துளி திரண்டு வந்தது. வலது பக்கம் அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கலங்கலாக, லேசான மஞ்சளில், புள்ளியளவு எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு விரலை வாய்க்குள் நாக்கின் பக்கவாட்டில் வைத்து, மறு கையால் தாடைக்கு வெளியிலிருந்து தாங்கிப் பிடித்து, பின்னாலிருந்து முன்னால் தடவிக்கொண்டே வந்தார். பாதி வழியில் விரல் நின்றது. "இங்கதான்" என்றார். எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் அதற்குப் பிறகுதான். கல் 7 மில்லிமீட்டர்.

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் நமக்கு மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் ஒன்று, தாடைக்குக் கீழ் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இவை தவிர உதட்டிலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கில் பொடிச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து நாளுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. கல் வருவது மட்டும் பத்தில் எட்டுப் பேருக்குத் தாடைக்குக் கீழ் உள்ள சுரப்பியில்தான். அந்தச் சுரப்பியின் நீர் கொழகொழப்பானது, கால்சியமும் அதில் கூடுதல். குழாயோ சுமார் 5 சென்டிமீட்டர் நீளம், அதுவும் கீழிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. தேங்குவதற்கு இவ்வளவு போதும். 1656-இல் இந்தக் குழாயை விவரித்து எழுதியவர் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன். இன்றைக்கும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள்.

கல் 4 மில்லிமீட்டருக்குள் இருந்து, குழாயில் அசைந்துகொண்டும் இருந்தால், சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை அந்தத் துளை வழியாகவே விட்டு, சின்னக் கம்பிக் கூடையில் பிடித்து இழுத்துவிடுவார்களாம். என் கல் அதற்குப் பெரிது. ஆனால் வாய்க்குள் விரலுக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் வாய்த் தரையில் கீறி எடுத்துவிடலாம், சுரப்பியை எடுக்க வேண்டியதில்லை என்றார் அறுவை மருத்துவர். சீழ் இருந்ததால் முதலில் ஆன்டிபயாட்டிக். அது முடிந்து தேதி குறிக்கும்போதுதான் சிவப்பு மை அவர் கண்ணில் பட்டது.

அந்த வரி வந்த கதை இது. வெகு காலம் முன்பு பல் பிடுங்கப் போன இடத்தில் ஊசி போட்ட ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு படபடவென அடித்தது. கை நடுங்கியது, வியர்த்தது, கண் இருட்டியது. படுக்க வைத்தார்கள், சற்று நேரத்தில் சரியாகிவிட்டது. அங்கிருந்தவர் 'அலர்ஜி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்ன மருந்து, எவ்வளவு, என்ன ஆனது, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு போன இடமெல்லாம் அதையே பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஊசியே போடாமல் சொத்தையை அடைத்துக்கொண்டதும் உண்டு. அந்த வலியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

முழு மயக்கம் கொடுத்து எடுத்துவிடுங்களேன் என்று கேட்டேன். "எடுக்கலாம். நாளைக்கு ஒரு பல்லுக்கு, கையில தையல் போட, எல்லாத்துக்கும் முழு மயக்கமே கொடுக்கச் சொல்லுவீங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, ஒவ்வாமை நிபுணருக்குக் கடிதம் எழுதினார்.

நிபுணர் ஊசியை எடுக்கும் முன் கேள்விகளால்தான் துளைத்தார். தடிப்பு வந்ததா? அரித்ததா? உதடு, கண் இமை வீங்கியதா? மூச்சில் விசில் சத்தம் கேட்டதா? ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது? அன்று சாப்பிட்டிருந்தீர்களா? அன்று வாய் கொப்பளிக்க எதுவும் கொடுத்தார்களா? கையுறை எந்த வகை? கடைசி இரண்டும் எனக்குப் புதிது. லேடெக்ஸ் கையுறைக்கும், வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடினுக்கும் நிஜமாகவே கடுமையான ஒவ்வாமை வருவதுண்டு. பல் மருத்துவரின் நாற்காலியில் நடந்ததற்கெல்லாம் பழி ஊசி மேல் விழுந்துவிடுகிறது என்றார்.

நான் சொன்ன பட்டியலில் தோலும் இல்லை, மூச்சும் இல்லை. படபடப்பும் நடுக்கமும் அட்ரினலின் வேலையாக இருக்கலாமாம். மரப்பு நீடிக்கவும் ரத்தக் கசிவைக் குறைக்கவும் பல் ஊசியில் 80,000-க்கு ஒன்று அல்லது ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அட்ரினலின் கலப்பார்கள். ஊசி முனை தவறி ரத்தக் குழாயில் இறங்கினால் இதயம் எகிறும். வியர்த்துக் கண் இருட்டுவது பயத்தில் வரும் மயக்கம். இரண்டுமே ஒவ்வாமை ஆகாது. 1905-இல் வந்த புரோகெய்ன் வகைப் பழைய மரப்பு மருந்துகள் உடலில் உடைந்து பாரா அமினோ பென்சாயிக் அமிலமாக மாறும், அதற்கு ஒவ்வாமை வருவது உண்டு. ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் 1943-இல் உருவாக்கிய லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து வேறு குடும்பம். அது 1948-இல் விற்பனைக்கு வந்த பிறகு பழையதன் புழக்கம் குறைந்துபோனது. ஊசிக்கு ஏற்படும் கோளாறுகளில் உண்மையான ஒவ்வாமை 1 சதவீதத்துக்கும் குறைவு என்றே மருத்துவ நூல்கள் சொல்கின்றன. "அதுக்காக உங்களுக்கு இல்லன்னு நான் வாயால சொல்ல மாட்டேன், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். சளி, இருமலுக்கு வாங்கும் மருந்துகளிலும் அதே சரக்கு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தார்கள்.

முன்கையில் பேனாவால் எண்கள் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு வைத்து, சின்ன ஊசியால் தோலை லேசாகக் குத்தினார்கள். ஒன்று ஹிஸ்டமின், கட்டாயம் தடிக்க வேண்டியது. ஒன்று உப்பு நீர், தடிக்கவே கூடாதது. நடுவில் லிடோகெய்ன், வேறு இரண்டு மரப்பு மருந்துகள், லேடெக்ஸ், குளோர்ஹெக்சிடின். மரப்பு மருந்துகளில் அட்ரினலின் இல்லாத வகையைத்தான் எடுத்தார்கள். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கித் தடிப்பை மறைத்துவிடுமாம். ஹிஸ்டமின் இடம் கொசு கடித்தது மாதிரி எழும்பி அப்படியொரு அரிப்பு, சொறியவும் விடவில்லை. கால் மணி நேரம் கழித்து ஒளி ஊடுருவும் ஸ்கேலை வைத்து அளந்தார்கள். உப்பு நீரைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்தால் சந்தேகம். மற்ற எதுவும் எழும்பவில்லை. அடுத்து நீர்த்த மருந்தைத் தோலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள், அதிலும் ஒன்றுமில்லை.

கடைசிக் கட்டம்தான் முக்கியம்: மேல்கையில் தோலுக்கு அடியில் நிஜ மருந்தையே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் செலுத்துவது. அவசர மருந்துகள் எல்லாம் பக்கத்தில் தயார். முதல் ஊசி போட்டார்கள். போட்ட கையோடு நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வியர்த்தது. "வந்துடுச்சு" என்றேன். செவிலியர் நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டு, ரத்த அழுத்தம் பார்த்து, பொறுமையாகக் காத்திருந்தார். பத்து நிமிடத்தில் அடங்கியது. பிறகுதான் சொன்னார்கள், முதலில் போட்டது வெறும் உப்பு நீராம். அதற்குப் பிறகு 0.1, 0.5, 1 மில்லி என்று இடைவெளி விட்டு லிடோகெய்ன் போனது. அப்போது என் நாடி உப்பு நீருக்குத் துடித்த அளவுக்குக்கூடத் துடிக்கவில்லை.

கையில் கடிதம் வந்தது: எந்த மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில் செலுத்தப்பட்டது, எதிர்விளைவு இல்லை. அந்த வாக்கியத்தை அப்படியே கேட்டு வாங்குங்கள். 'அலர்ஜி இல்லை' என்று மொட்டையாக எழுதியதை அடுத்தவர் நம்ப மாட்டார். கடிதம் வந்தாலும் கணினியில் இருக்கும் பழைய வரி தானாக மறையாது. நானே நின்று அழிக்க வைத்தேன்.

கல்லை எடுத்தது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. அறுவை மருத்துவர் மரப்பு ஊசியை மெதுவாக, பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். கல் பின்னால் வழுக்கிப் போகாமல் இருக்க அதற்குப் பின்புறம் குழாயைச் சுற்றி ஒரு தையல். பிறகு கல்லின் மேலேயே கீறல். வெளியே வந்தது மங்கலான மஞ்சளில், சொரசொரப்பாக இருந்தது. அடைபட்டிருந்த எச்சில் பின்னாலேயே பீறிட்டது. கீறிய குழாயை மூடித் தைக்காமல், கீறல் திறந்தே இருக்கும்படி ஓரங்களைத் தைத்துவிட்டார். நாக்கின் உணர்வு நரம்பு அந்தக் குழாயைக் குறுக்கே கடந்து போகிறது. அதனால் நாக்கு நுனி கொஞ்ச நாள் மரத்து மரத்துப் போகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். போனது, திரும்பியும் வந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடிக்கவும், புளிப்பு மிட்டாய் சப்பவும், தாடையின் கீழே பின்னிருந்து முன்னாக நீவிவிடவும் சொன்னார்கள்.

கால்சியம் மாத்திரையாலா, குடிக்கிற தண்ணீராலா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தக் கல் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எனக்கும் அப்படித்தான். மறுபடி சாப்பாட்டு நேரத்தில் வீங்கினால் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சலோடு வீங்கினாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, நாக்கின் அடி மேலே தூக்கிக்கொண்டு விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலோ, ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.