பெலேஷ் அரண்மனையில் எங்கள் மரவேலை சேர்

ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த நாலு பேர் கடந்த ஜூன் மாதம் புக்கரெஸ்டில் சந்தித்தோம். ஒருவன் ரொறன்ரோவிலிருந்து, இரண்டு பேர் லண்டனிலிருந்து, நான் சூரிச்சிலிருந்து. ஏன் ருமேனியா என்று வீட்டில் எல்லோருக்கும் கேள்வி. லண்டன் நண்பன் ஒருவன் பெலேஷ் அரண்மனையின் மரவேலையைப் படத்தில் பார்த்துவிட்டு, "மச்சான், இதை நேரில பாக்காமல் விட்டால் சேர் எங்களை மன்னிக்க மாட்டார்" என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னதுதான் காரணம். எந்தச் சேர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து மூன்று வருடம் எங்களுக்கு மரவேலை படிப்பித்தவர் அவர். பள்ளிக்கூடத்துப் பின்மதிலை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. ஆறு சீவுளி, பத்து உளி, முப்பது பெடியள். நான் முதன்முதலாகச் செய்த படச்சட்டத்தை நடுங்கிக்கொண்டு நீட்டினேன். சேர் பேசவில்லை. கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து, மூலைப் பொருத்தில் செருகினார். தாள் உள்ளே போனது. "கடதாசி போற இடத்தில தண்ணியும் போகும். தண்ணி போனால் பூஞ்சணம் வரும்" என்றார். பிறகு சட்டத்தைத் திருப்பினார். "முன்பக்கத்தை ஆரும் சீவுவான். எனக்குப் பின்பக்கத்தைக் காட்டு." நாற்பது வருடமாகியும், ஒரு மேசையைக் கண்டால் என் கை தன்பாட்டில் பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கும்.

புக்கரெஸ்டிலிருந்து வடக்கே ரயிலில் சினாயாவுக்குப் போனோம். சமவெளி முடிந்து கார்பேத்தியன் மலை தொடங்கியதும் ஜன்னலோரம் முழுக்க ஊசியிலை மரக் காடு. ஸ்டேஷனிலிருந்து மேட்டில் ஏறினால் முதலில் வருவது 1695இல் கட்டிய சினாயா மடாலயம். அதைத் தாண்டி மரநிழலில் நடக்க, புல்வெளிக்கு அப்பால் கூரிய கோபுரங்களோடு அரண்மனை தெரிந்தது. பக்கத்தில் பெலேஷ் ஓடை. அரண்மனைக்குப் பெயர் கொடுத்ததே அந்த ஓடைதான்.

கட்டியவர் ருமேனியாவின் முதல் மன்னர் முதலாம் கரோல். ஜெர்மானிய அரச குடும்பத்தில் பிறந்து, 1866இல் இளவரசராக இந்த நாட்டை ஆள வந்தவர். வந்த வருடமே சினாயாவைப் பார்த்து மனம் பறிகொடுத்துவிட்டார். 1870களில் வேலை தொடங்கியது. தோண்டிய இடமெல்லாம் ஊற்று கிளம்பியதில் அத்திவாரமே பெரும்பாடாகியிருக்கிறது. இடையில் சுதந்திரப் போர் வேறு. 1883 அக்டோபர் 7ஆம் தேதிதான் திறந்தார்கள். அப்புறமும் அவர் விடவில்லை. 1914இல் இறக்கும்வரை மாளிகையை விரித்துக்கொண்டே இருந்தார். இறந்ததும் இங்கேதான். இன்று 160 அறைகள்.

சப்பாத்துக்கு மேல் உறை மாட்டிக்கொண்டு பெரிய கூடத்துக்குள் போனோம். நாலு பேரும் வாயடைத்து நின்றோம். மூன்று மாடி உயரத்துக்கு வால்நட் மரம். சுவர், தூண், மாடம், படிக்கட்டு என்று எங்கும் செதுக்கு வேலை. உச்சியில் வண்ணக் கண்ணாடிக் கூரை. கோடை இரவில் வானம் பார்க்க அதை மோட்டாரால் நகர்த்தித் திறப்பார்களாம். அரண்மனைக்கென்றே சொந்த மின் நிலையம் இருந்திருக்கிறது.

மற்றவர்கள் அண்ணாந்து பார்க்க, நாங்கள் குனிந்து பொருத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவர்ப் பலகைகளில் பல நிற மரத்துண்டுகளைப் பதித்துக் கோட்டைகளின் காட்சிகள் செய்திருக்கிறார்கள். ஒன்றின் அருகே முகத்தை வைத்துப் பார்த்தேன். வெளிர் மரம் முடிந்து கருமரம் தொடங்கும் இடத்தில் ஒரு தலைமயிர் போகவும் இடமில்லை. மரத்தின் ரேகை ஓடுகிற போக்கையே சுவரின் நிழலாகவும் வானத்தின் முகிலாகவும் ஆக்கியிருக்கிறான் ஒரு தச்சன். ஆணித்தலை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. "மச்சான், கடதாசி போகாதடா" என்றான் ரொறன்ரோக்காரன். அவன் குரல் கம்மியிருந்தது.

ஆயுதக் கூடத்தில் 4,000க்கு மேற்பட்ட வாள், ஈட்டி, கவசங்கள். நாடக அறையில் குஸ்தாவ் கிளிம்ட் இளம் வயதில் நண்பரோடு சேர்ந்து தீட்டிய ஓவியங்கள். எல்லாம் அழகுதான். ஆனால் இசை அறையில்தான் நாங்கள் மறுபடி நின்றோம். அங்குள்ள நாற்காலிகள் தேக்கு. கபுர்தலா மகாராஜாவின் அன்பளிப்பு. ஐரோப்பிய மலை உச்சியில், வால்நட்டுக்கும் ஓக்குக்கும் நடுவில், எங்கள் கைக்குப் பழகிய மரம்! பட்டறையில் தேக்குப் பலகை வந்த நாட்களில் சேரின் முகம் எப்படி இருக்கும் என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

ருமேனியாவின் கடைசி மன்னர் மிஹாய் 1947 டிசம்பர் 30இல் முடி துறந்தார். அடுத்த வருடம் அரசு அரண்மனையை எடுத்துக்கொண்டது. பிறகு அருங்காட்சியகமாகி, 1975இலிருந்து 1990வரை பூட்டியே கிடந்திருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் வழிகாட்டி ஒரு கதை சொன்னார். நாட்டை அப்போது ஆண்ட சர்வாதிகாரி சௌசெஸ்கு இங்கே வந்து தங்கக் கூடாதென்று, மரத்தில் மனிதருக்கு ஆகாத பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று பராமரிப்பாளர்கள் அவருக்குச் சொல்லிவைத்தார்களாம். மரத்தைக் காப்பாற்றப் பூஞ்சணத்தையே காவலுக்கு நிறுத்திய அந்த மனிதர்களை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நூலகத்தில் புத்தக அலுமாரி ஒன்று உண்மையில் ஒரு இரகசியக் கதவு. நாங்கள் போனபோது அது ஒருக்களித்துத் திறந்திருந்தது. வழிகாட்டி அடுத்த அறைக்கு நடக்க, நாலு பேரும் அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு பின்தங்கினோம்.

வெளியே வந்து தோட்டத்துப் படியில் இருந்து சேருக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். எண்பதைக் கடந்துவிட்டார். மகள் போனைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் ஒருவரை ஒருவர் இடைமறித்துக் கூடம், கூரை, தேக்கு எல்லாம் சொல்லி முடித்தோம். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. பின்பக்கம் பாத்தனீங்களோ?"

"ஒரு கதவின்ர பின்பக்கம் பாத்தம், சேர்."

"எப்பிடி?"

"முன்பக்கம் மாதிரியே சீவியிருக்கு, சேர்."

திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியால் துடைத்தார். "அப்ப நல்ல பெடியள்தான் செய்திருக்கிறாங்கள்" என்றார்.