குறிப்பேட்டில் மதிப்பெண் போவது எங்கே

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ‘பெறுபவரைப் பற்று (debit) வை, தருபவரை வரவு (credit) வை’ என்பதை மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் நடவடிக்கைகளை முதலில் பதியும் ஏடான குறிப்பேட்டுக் கணக்கில் மதிப்பெண் கரையும். விதி தெரியாமல் அல்ல, கணக்கின் பெயரைத் தவறாகப் பிடிப்பதால்.

நடவடிக்கையைப் படித்ததும் பற்றா வரவா என்று யோசிக்காதீர்கள். சம்பந்தப்பட்ட இரண்டு கணக்குகளின் பெயரை முதலில் ஓரமாக எழுதுங்கள். ‘எழுத்தர் குமாருக்குச் சம்பளம் ரூ.8,000 கொடுத்தது’ என்றால் குமார் கணக்கு வராது. சம்பளக் க/கு (கணக்கு) பற்று, ரொக்கக் க/கு வரவு. கேள்வியில் பெயர் இருக்கிறதே என்று ஆள்சார் கணக்குக்கு, அதாவது அந்த ஆளின் பெயரிலான கணக்குக்குத் தாவுவதுதான் முதல் சறுக்கல். காசோலையில் கொடுத்திருந்தால் ரொக்கத்துக்குப் பதில் வங்கி.

அதிகம் பேர் விழும் இடம் தள்ளுபடி. மணியிடம் பட்டியல் விலை ரூ.20,000 உள்ள சரக்கை 10% வியாபாரத் தள்ளுபடியில் கடனுக்கு வாங்குகிறோம். வியாபாரத் தள்ளுபடி ஏட்டுக்குள் நுழையவே நுழையாது. கொள்முதல் க/கு பற்று 18,000, மணி க/கு வரவு 18,000, அவ்வளவுதான். பிறகு 5% ரொக்கத் தள்ளுபடியில் கணக்கைத் தீர்த்தால்:

மணி க/கு பற்று 18,000
ரொக்கக் க/கு வரவு 17,100
பெற்ற தள்ளுபடி க/கு வரவு 900

இரண்டு தள்ளுபடிச் சதவீதங்களையும் கூட்டி 15% என்று ரூ.3,000 கழித்தால் ரொக்கம் 17,000 ஆகிவிடும். 5% என்பது 18,000-க்குத்தான், 20,000-க்கு அல்ல.

சரக்கு வெளியே போனால் எல்லாம் விற்பனை ஆகிவிடாது. உரிமையாளர் வீட்டுக்கு எடுத்தால் எடுப்புகள் பற்று, மாதிரியாகக் கொடுத்தால் விளம்பரம் பற்று, தீயில் போனால் தீயினால் ஏற்பட்ட இழப்பு பற்று. மூன்றிலும் வரவு கொள்முதலுக்கு, அடக்க விலையில்.

இயந்திரத்தை நிறுவக் கொடுத்த கூலி ரூ.2,000 கூலிக் கணக்குக்குப் போகாது, இயந்திரத்தின் விலையோடு சேரும். இனி வராது என்று போக்கெழுதிய (நட்டமாகத் தள்ளிய) வாராக்கடன் திரும்பி வந்தால் அந்தக் கடனாளியின் பெயரைத் தொடாதீர்கள்; அவர் கணக்கு ஏற்கெனவே மூடியாயிற்று. ரொக்கம் பற்று, வசூலான வாராக்கடன் வரவு. ‘ரூ.10,000 சரக்குக்கு ஆணை அனுப்பியது’ என்பதற்குப் பதிவே கிடையாது. இது வேண்டுமென்றே வைக்கும் கண்ணி.

முந்தைய ஆண்டின் இருப்புகளைப் புது ஆண்டுக்குக் கொண்டுவரும் தொடக்கப் பதிவில் முதல் (மூலதனம்) எவ்வளவு என்று தராமல் விட்டிருப்பார்கள். ரொக்கம் 15,000, சரக்கிருப்பு 40,000, அறைகலன் 10,000 பற்று. கடனீந்தோர் (நாம் பணம் தர வேண்டியவர்கள்) 12,000 வரவு. மீதி 53,000 முதல் கணக்கில் வரவு. இங்கே சரக்கைக் கொள்முதல் என்று எழுதினால் தவறு, அது முந்தைய ஆண்டின் இருப்பு.

இணையத்தில் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலங்கைக் குறிப்புகளில் பற்றை ‘வரவு’ என்றும், நம் வரவைச் ‘செலவு’ என்றும் எழுதுவார்கள். இரண்டையும் கலந்து படித்தால் பதிவு முழுக்கத் தலைகீழாகும்.

நேரம் போதாவிட்டால் பேரேட்டுப் (ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே காட்டும் ஏடு) பக்க எண் பத்தியை வெறுமையாக விடலாம். பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போதுதான் அது நிரம்பும். விளக்கக் குறிப்பை மட்டும் விடாதீர்கள். ‘மணியிடம் கடனுக்குச் சரக்கு வாங்கியது’ என்று ஒரு வரி போதும். வரவுக் கணக்கைச் சற்று உள்தள்ளி எழுதுங்கள். திருத்துபவர் கண் முதலில் அங்கேதான் போகும்.