பிளான் ரொறன்ரோவில், வீடு கோண்டாவிலில்

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஊர் வீட்டைத் திருத்த நினைத்தால் இப்போது முதலில் பிடிப்பது மேசனை இல்லை, ஒன்லைனில் ஒரு டிசைனரை. வட்ஸ்அப்பில் நாலு போட்டோ போகும், கொஞ்ச நாளில் மினுமினுக்கிற 3டி படம் வரும். நான் யாழ்ப்பாணத்தில் பிளான் கீறுகிற ஆள், தொழில் போட்டியில் எரிச்சல்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்த ஏற்பாடு நன்றாகவே சரிவரும், ஆனால் படத்துக்குக் காசு கொடுக்க முதல் அளவெடுக்க ஒருவருக்குக் கொடுங்கள்.

பழைய வீட்டு அறைகள் பெரும்பாலும் மூலைமட்டமாக இருக்காது. நீளம், அகலம் மட்டும் அனுப்பினால் டிசைனர் நேராகத்தான் கீறுவார். பிறகு குசினி அலுமாரியைச் செய்து கொண்டுவந்து வைத்தால் ஒரு பக்கம் இடிக்கும், மற்றப் பக்கம் விரல் நுழையும். மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவும் எடுக்கச் சொல்லுங்கள், சுவரின் தடிப்பையும் சேர்த்து. பிளானில் மில்லிமீற்றரோடு அடி, அங்குலமும் இருக்கட்டும், எங்கள் மேசன்மாருக்கு அடிக்கணக்குத்தான் கைவசம்.

டிசைனருக்கு அனுப்ப வீடியோவும் எடுங்கள், எடுப்பவர் வீட்டுக்குள் மட்டும் சுற்றினால் போதாது. வளவைச் சுற்றி நடந்து, மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக் கிணறு எங்கே என்றும் காட்ட வேண்டும். ஏனென்றால் அறைக்கு அறை பாத்ரூம் போடுவது திரையில் சுகம், மலக்குழியை எங்கே வெட்டுவது? கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி என்று சொல்லிக்கொள்வோம், ஆனால் எங்கள் நிலம் சுண்ணாம்புப் பாறை, அதன் வெடிப்புகளுக்குள்ளால் கழிவு நீர் லேசாகக் கிணற்றுக்குப் போய்விடும். இரண்டு பரப்புக் காணியில் உங்கள் கிணறு, அயலவர் கிணறு இரண்டையும் விலத்தி இடம் பார்த்தால் சில வேளை ஒரு பாத்ரூமோடு நிறுத்த வேண்டி வரும். இதை டிசைனர் கேட்கவே இல்லை என்றால் அவர் உங்கள் வீட்டைப் பார்க்கவில்லை, போட்டோவைத்தான் பார்த்திருக்கிறார்.

வெயிலும் அப்படித்தான். கனடாவில் குளிர்காலச் சூரியனுக்காகத் தெற்கில் பெரிய கண்ணாடி வைப்பார்கள், அந்தப் பழக்கம் பிளானிலும் வந்துவிடும். இங்கே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு நேரே வந்து, பிறகு ஆவணி நடுப்பகுதி வரை மதியத்தில் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். அதனால் வடக்கு, தெற்கு இரண்டு பக்கமும் இறக்கிய தாழ்வாரம் வேண்டும், மேற்கில் கண்ணாடியை மறந்துவிடுங்கள். பழைய ஆட்கள் விறாந்தை வைத்தது சும்மா இல்லை.

ஓபன் கிச்சன் கேட்பவர்களுக்கு: அம்மா மிளகாய் வறுக்கிற நாளில் ஹோலில் இருந்து பாருங்கள். பின்னால் ஒரு சின்னக் குசினி இல்லாமல் அது நடக்காது.

கடைசியாக ஒன்று, கட்டணம் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: வேலை நடக்கும்போது யார் பதில் சொல்வது? மேசன் காலை 8 மணிக்கு சாந்து குழைத்துவிட்டுக் கேட்கிற கேள்வி, கோடையில் ரொறன்ரோவுக்கு முதல்நாள் இரவு 10.30க்குப் போய்ச் சேரும். டிசைனர் போனை எடுக்காவிட்டால் மேசன் தன் எண்ணப்படி கட்டிவிடுவார், சாந்து இறுகிவிடுமே.