மேட்டிங்கில் பழகிய கை ஹெடிங்லியில் என்ன செய்யும்?

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் பல பசங்க சிமென்ட் தளத்தில் விரித்த மேட்டிங்கில்தான் ஆடிப் பழகுறாங்க. அங்கே பந்து சீராக எழும்பும். உடம்பை விட்டுத் தள்ளி மட்டையை வீசினாலும் கவர் பக்கம் நாலு ரன் கிடைக்கும். இங்கிலாந்தின் ஈரப் பிட்சில் அதே ஷாட் ஸ்லிப்புக்குக் கேட்ச். பந்து தரையில் பட்டு ஒரு விரற்கடை விலகினாலே போதும்.

2002-ல் இங்கிலாந்தின் ஹெடிங்லி மைதானத்தில் நடந்த டெஸ்டில் ராகுல் டிராவிட் எடுத்த 148-ஐப் பாருங்க. மேகம் மூடிய நாள், டாஸ் ஜெயித்தும் இந்தியா பேட்டிங்கையே எடுத்தது. பந்து தன்னிடம் வரும்வரை பொறுத்து, கண்ணுக்கு நேர் கீழே, தளர்ந்த கையால் ஆடினார். மேட்ச் இன்னிங்ஸ் மற்றும் 46 ரன்னில் இந்தியாவுக்கு. சச்சின் 193, கங்குலி 128 என்று பெரிய ஸ்கோர்கள் வந்தாலும், என் கணக்கில் அடித்தளம் அந்த 148தான்.

டிராவிட் மொத்தம் ஆடிய 164 டெஸ்டில் 13,288 ரன். அதைவிட அவர் சந்தித்த 31,258 பந்துகள்தான் எனக்குப் பெரிசு.

பயிற்சிக்கு: பின்காலை ஆஃப் ஸ்டம்ப் நோக்கி நகர்த்தி, கண் அந்த ஸ்டம்புக்கு நேரே வரும்படி நில்லுங்க. 10 மீட்டர் தள்ளியிருந்து ஒருவர் நனைந்த டென்னிஸ் பந்தை எறியட்டும். கண்ணுக்கு நேரான கோட்டுக்கு வெளியே, ஆஃப் பக்கம் போகும் பந்தை ஆடாம விட்டுவிடுங்க. தலை மட்டும் ஆஃப் பக்கம் சாயக் கூடாதுங்க. சாய்ந்தால் உள்ளே வரும் பந்தில் எல்பிடபிள்யூ.